பதில்கள் தெரிந்தவள்

பதினான்காம் எண் அறைக்கு வெளியே கிடந்த இரும்பு நாற்காலியில் வந்து உட்கார்ந்ததிலிருந்து ஆவுடைச்செல்வி ஒரே ஒரு காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தாள், தெரிந்த முகம் ஏதாவது வருகிறதா என்று பார்ப்பது. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி வேற்றூர்ப் பெரியாஸ்பத்திரிக்கு வந்ததே அதற்காகத்தான். ஆனால் ஐம்பது கிலோமீட்டர் ஒரு தூரமா? நர்ஸுகளை எங்கெங்கோ மாற்றிப் போடுகிறார்கள், கூடப் படித்த முப்பத்தெட்டுப் பேரில் ஒருத்தியாவது இந்தக் கட்டடத்துக்குள் எங்காவது ஊசி ஏற்றிக்கொண்டிருப்பாள், ஏ செல்வி, நீ இங்க என்னட்டி பண்ணுத, என்று கேட்டுவிட்டு அப்படியே தலையை நிமிர்த்தி அறைக்கு மேலே இருக்கிற பலகையைப் படிப்பாள். மனநலப் பிரிவு. அதற்குக் கீழே ஒரு அட்டையில் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தார்கள், தாய்மார்களுக்கு செவ்வாய், வியாழன். துப்பட்டாவை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். சீட்டுப் பதிகிற இடத்தில் என்ன வேலை பார்க்கிறீங்க என்று கேட்டபோது வீட்லதான் இருக்கேன் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஏழு வருஷமாகப் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸ், எத்தனை பிள்ளைகளைக் கையில் ஏந்தியிருக்கிறாள், தலை திரும்பியது, கால் முதலில் வந்தது, கொடி சுற்றியது, அத்தனையும் இந்தக் கை வழியாகத்தான் வந்தன. அந்தக் கையைத்தான் இப்போது மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அமுக்கிப் பிடித்திருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வண்டிகள் நிற்கிற கொட்டகை நிழலில் அவள் புருஷன் இசக்கிராஜா பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடப்பது தெரிந்தது. தூக்கம் வரல, தலைவலிக்கு, ஒரு டாக்டரைப் பாத்துட்டு வருவோம் என்று மட்டும்தான் அவனிடம் சொல்லியிருந்தாள். பலகையைப் படித்துவிட்டு அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். வேண்டாம், கேட்காததே நல்லது.

தூக்கம் வரவில்லை என்பது பொய்யில்லை. ஆனால் அது மேலே போர்த்திய துணி, அடியில் கிடப்பது வேறு. பிள்ளை பிறந்து பத்தொன்பதாவது நாள், காலை பத்து மணி இருக்கும், குளியலறையில் காலை நீட்டி உட்கார்ந்து பாப்பாவை முழங்காலுக்குக் கீழே குப்புறப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரை முதுகில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர், வெளியே அடுப்பில் சாம்பார் கொதிக்கிற வாசனை, அத்தை, இசக்கிராஜாவின் அம்மா, யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். எதுவுமே நடக்கவில்லை. அப்போதுதான் அது வந்தது, யோசனையாக இல்லை, படமாக, இந்தக் கை இவளைத் தூக்கி அந்த வாளிக்குள். அவ்வளவுதான், அதற்குமேல் படம் ஓடவில்லை, ஆனால் அந்த ஒரு நொடியில் தண்ணீர் மேல்பரப்பு மூடிக்கொண்டது வரைக்கும் தெரிந்தது. பிள்ளையை ஈரத்தோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு எழுந்து ஓடி வந்து கட்டிலில் கிடத்திவிட்டுத் திரும்பக் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். பித்தம் என்றாள் அத்தை. மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாள் குளிப்பாட்டாதபோதும் வந்தது, வெண்டைக்காய் நறுக்கும்போது வந்தது, கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள், மாடிப்படியில் பிள்ளையோடு ஏறும்போது வந்தது, பிறகு மாடிக்கே போவதில்லை. மணிக்கட்டு வலி என்று சொல்லி ஒரு பட்டையைச் சுற்றிக்கொண்டாள். அத்தைதான் தினமும் குளிப்பாட்டினாள், குளிப்பாட்டும்போது அடுத்த வீட்டு அக்காவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள், ஊரு பிள்ளையெல்லாம் பிடிச்சு எடுக்கா, சொந்தப் பிள்ளைய ஒரு செம்பு தண்ணி ஊத்தத் தெரியல நர்ஸம்மாவுக்கு. அந்தச் சிரிப்பு எவ்வளவோ மேல். தெரியாதவள் என்றால் பரவாயில்லை, சோம்பேறி என்றாலும் பரவாயில்லை, அவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும், அதை மட்டும் நினைக்காமல் இருந்தால் சரி. பால் கொடுக்கும்போது பாப்பா கண்ணைத் திறந்து நேராகப் பார்க்கும். எழுபத்தைந்து நாள் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாலும் தெரியும், தெரியும் என்றே தோன்றும், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். போன வாரம் தடுப்பூசி போடப் போன இடத்தில், தொடையை இறுக்கிப் பிடிங்கம்மா என்றதும் அவள் பிள்ளையை அத்தை கையில் தள்ளிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கிப்போனாள். ஊசி போட்ட வயதான சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டார். அத்தை பிள்ளையைத் தேற்றுகிற சாக்கில் வெளியே போனதும் ஒரு துண்டுச்சீட்டில் இந்த ஊர் பெயரையும் கிழமையையும் எழுதி நீட்டினார். தூக்கம் இல்லன்னு சொல்லிட்டுப் போங்க, போனாப் போதும் என்றார். அவள் ஒன்றும் சொல்லாமலே அவருக்கு எப்படித் தெரிந்தது? நம் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதா? அப்படியானால் அத்தைக்கும் தெரியுமா, இந்த மனுஷனுக்கும் தெரிந்துதான் பேசாமல் நடக்கிறானா?

ஆவுடைச்செல்வி என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். முழுப் பேரும் வராந்தா நீளத்துக்குக் கேட்டது. உள்ளே ஒரு சின்ன மேஜை, மேஜைக்குப் பின்னால் இருபத்தைந்து வயதுப் பெண், ஃபர்ஹானா, ஆலோசகர் என்று கழுத்தில் தொங்கிய அட்டையில் இருந்தது. உட்காருங்க அக்கா, டாக்டரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி இதை மட்டும் நிரப்பிக் குடுங்க, பத்துக் கேள்விதான், போன ஏழு நாள்ல எப்படி இருந்தீங்களோ அப்படி டிக் பண்ணுங்க, வாசிச்சுக் காட்டணுமா? வேண்டாம் என்று தலையாட்டினாள். தாளைப் பார்த்த உடனேயே காது மடல் சூடாகிவிட்டது. பெற்றவளின் மனநிலையை மதிப்பெண் போட்டு அளக்கிற இதே தாள்தான். எழுத்துக்கூட அதே எழுத்து. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதற்கு இரண்டு நாள் பயிற்சி என்று கூப்பிட்டார்கள், ஏசி போட்ட அறை, இரவு வேலை முடிந்து நேராகப் போனதால் கடைசி வரிசையில் உட்கார்ந்து நன்றாகத் தூங்கினாள், ஆனால் எந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்பது மட்டும் மனப்பாடம் ஆகிவிட்டது. அது மனப்பாடம் ஆனதற்குக் காரணம் பயிற்சி இல்லை. மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று ஒரு நாள் தகவல் வந்தது, வார்டில் ஒரு தாய்க்கும் தாள் நிரப்பியிருக்கவில்லை. செல்வி சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து டீ ஆறுவதற்குள் ஒரே பேனாவில் இருபது பேருக்கும் நிரப்பினாள். சிரிக்க முடிகிறதா, எப்போதும்போல. காரணமில்லாமல் பயம், இல்லவே இல்லை. அழுகை, இல்லை. இருபது பேருக்கும் பூஜ்யம். ஒரு தாய்க்குக்கூட அழுகை இல்லாத வார்டு. அதில் ஒன்பதாம் படுக்கை உலகம்மாள். வேண்டாம், அவளை இப்போது நினைக்க வேண்டாம், முதல் கேள்வி, சிரிக்கவும் வேடிக்கையை ரசிக்கவும் முடிகிறதா. எப்போதும்போல. டிக். உலகம்மாளுக்கு அது இரண்டாவது பிள்ளை, மூன்றாம் நாள், வீட்டுக்கு அனுப்பத் தாள் எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள், மெட்டி இறுகிப்போய்க் கால்விரல் வீங்கியிருந்தது, முகம் ஞாபகம் வரவில்லை, அந்த விரல்தான் ஞாபகம் வருகிறது. சிஸ்டர், இவளை என் கைல குடுக்காதீய, எனக்குப் பயமா இருக்கு. சத்தம் ரொம்பச் சின்னதாக இருந்தது. செல்விக்கு மட்டும் கேட்க வேண்டும் என்று வேண்டுமென்றேதான் அவ்வளவு சின்னதாகச் சொல்லியிருக்கிறாள், அது இப்போது புரிகிறது. அன்றைக்கு வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி இவள் சொன்னாள், பெத்தவ கைல குடுக்காம கலெக்டர் கைலயா குடுக்கணும், நடிக்காத, போய் பிள்ளைக்குப் பாலக் குடு. எல்லோரும் சிரித்தார்கள். துணைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள், பெருக்குகிற அம்மா சிரித்தாள். உலகம்மாளும் சிரித்தாள். அதுதான், அந்த இடத்துக்கு வந்தால் அதற்குமேல் நகர முடிவதில்லை, அவளும் சேர்ந்து சிரித்தாள், தன்னைப் பார்த்து எல்லோரும் சிரிக்கும்போது தானும் சிரிக்காவிட்டால் தப்பாகிவிடும் என்று பயந்த மாதிரி, வாயை மட்டும் விரித்து. தாயும் சேயும் நலம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள் செல்வி. அதற்குப் பிறகு உலகம்மாள் என்ன ஆனாள், அந்தப் பிள்ளை என்ன ஆயிற்று, தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று மூன்று வருஷம் தோன்றவே இல்லை, பத்தொன்பதாவது நாள் வாளியைப் பார்க்கிறவரைக்கும். எட்டாவது கேள்வி, ஒன்பதாவது கேள்வி. எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டால் சந்தேகம் வரும், அதுவும் அவளுக்குத் தெரியும், எனவே தூக்கத்துக்கு ஒன்று, பதற்றத்துக்கு ஒன்று. பத்தாவது கேள்வி, உங்களை நீங்களே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா. ஒருபோதும் இல்லை. கேட்கிறது என்னைப் பற்றித்தானே, பிள்ளையைப் பற்றி இந்தத் தாளில் எங்கேயும் கேட்கவில்லையே, கேட்காததற்கு நான் எப்படிப் பதில் சொல்ல முடியும். டிக். பேனாவை மூடும்போது ஒரு கெட்டிக்காரத்தனமான சந்தோஷம் வந்தது, அது வந்ததும் அதற்காகவும் கூசியது.

ஃபர்ஹானா விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக் கூட்டினாள். முப்பதுக்கு ரெண்டுதான் அக்கா, நல்லா இருக்கீங்க, ஒண்ணும் பயமில்ல, தூக்கத்துக்கு வேணா டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் போறீங்களா, ஒரு அரைமணி ஆகும், என்றாள். இல்லம்மா, பிள்ளை அழுவா, போறேன் என்று எழுந்தாள். அந்தப் பெண் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள், ஏதோ கேட்க வந்தது போல இருந்தது, அதற்குள் வராந்தாவில் அடுத்தவள் எட்டிப்பார்த்தாள். அவ்வளவு சுலபமாக இருந்தது. ஏழெட்டு வார்த்தையில் முடிந்துவிட்டது. வராந்தாவில் நடக்கும்போது கால் லேசாக இருந்தது, தப்பித்துவிட்டோம், யாரும் பார்க்கவில்லை, யாருக்கும் தெரியாது, இனிமேல் எவளாவது கேட்டால்கூட மனநலப் பிரிவிலேயே நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார்கள் என்று சொல்லலாம். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. இசக்கிராஜா அவளைக் கண்டதும் வேகமாக வந்தான், சட்டையின் தோள்பட்டை எச்சிலில் நனைந்திருந்தது. முடிஞ்சிட்டா? என்ன சொன்னாவ? ஒண்ணுமில்லன்னுட்டாவ, நல்லா இருக்கேனாம். அவன் முகம் விரிந்ததைப் பார்க்க முடியாமல் பாப்பாவின் காலைப் பார்த்தாள். நான் அப்பமே நெனச்சேன் என்றான் அவன், எதுக்கு இவ்வளவு தூரம்னு கேக்கணும்னு இருந்துச்சு, சரி, உன் மனசு சமாதானமாகட்டும்னு இருந்துட்டேன். நடந்துகொண்டே சொன்னான், அப்ப அம்மா நாளைக்கு ஊருக்குப் போட்டும் செல்வி, தங்கச்சிக்கு முடியலியாம், போணும் போணும்னு பத்து நாளா அரிக்கா, நீ எப்படித் தனியா சமாளிப்பேன்னுதான் நான் நிப்பாட்டி வச்சிருந்தேன், எனக்கும் லீவு முடியுது, இனி என்ன, டாக்டரே சொல்லிட்டாவல்லா. அவள் நின்றாள். அவன் இரண்டு எட்டு முன்னால் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தான். நாளைக்குக் காலை. அவன் எட்டரைக்குப் போய்விடுவான், அத்தை ஏழு மணி பஸ்ஸுக்கே போய்விடுவாள். வீட்டில் அவளும் பாப்பாவும் வாளியும். தாளில் இரண்டு என்று எழுதியிருக்கிறது, தாயும் சேயும் நலம் என்று எழுதியிருக்கிறது, எழுதியது யார், அவள்தான், அன்றைக்கும் அவள்தான் எழுதினாள், உலகம்மாளும் இப்படித்தான் வெயிலில் வந்து நின்றிருப்பாள், நல்லா இருக்கியாம்லா என்று யாரோ சிரித்துக்கொண்டே சொல்லி ஆட்டோவில் ஏற்றியிருப்பார்கள், அவள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஏறியிருப்பாள், பூஜ்யம் போட்ட தாளுக்கு எதிராக ஒரு பொம்பளை என்ன பேச முடியும். அன்றைக்கு அவளிடம் யாரும் கேட்கவில்லை. இன்றைக்கு என்னிடம் கேட்டார்கள். கேட்டும் மறைத்தேன். என்னாச்சு என்றான் இசக்கிராஜா. ஒண்ண விட்டுட்டேன், நீங்க இங்கனயே இருங்க, என்று சொல்லிவிட்டு நடந்தாள், நடை ஓட்டமாகி, துப்பட்டா தலையிலிருந்து நழுவித் தோளில் கிடந்தது.

பதினான்காம் எண் அறையில் அடுத்தவள் உட்கார்ந்து தாள் நிரப்பிக்கொண்டிருந்தாள், கர்ப்பிணி, ஏழெட்டு மாதம் இருக்கும். ஃபர்ஹானா நிமிர்ந்தாள். நான் தப்பாப் போட்டுட்டேன் என்றாள் செல்வி. எது அக்கா, எந்தக் கேள்வி? எல்லாம். கர்ப்பிணி பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தாள், கேட்கட்டும். நான் வீட்ல இருக்கறவ இல்ல, ஸ்டாஃப் நர்ஸ், லேபர் வார்டு, எனக்கு இதுல எந்தப் பதிலுக்கு எத்தனை மார்க்குன்னு தெரியும், தெரிஞ்சுதான் போட்டேன். ஃபர்ஹானா எழுந்து வந்து அவள் முழங்கையைப் பிடித்து உள்ளறைக் கதவைத் தள்ளினாள். டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சொல்லுங்க என்றார். சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்று பிறகு யோசித்தால் வரிசை வரவில்லை, வாளி என்று சொன்னதும், சொல்லும்போது டாக்டரின் கை போன் பக்கம் போகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னதும் ஞாபகம் இருந்தது, இப்போது போலீசைக் கூப்பிடுவார், பிள்ளையை வாங்கிக்கொள்வார், இப்போது, இப்போது. கை போன் பக்கம் போகவில்லை. அந்த நினைப்பு வந்ததும் உங்களுக்கு என்ன ஆச்சு? வாந்தி எடுத்தேன். செய்யணும்னு தோணுச்சா? ஐயோ, இல்ல மேடம். யாராவது செய்யச் சொல்ற மாதிரி சத்தம் ஏதும் கேட்குதா? இல்ல. பிள்ளையைப் பத்தி வேற விதமா, அது பிள்ளையே இல்ல, கெட்டதுன்னு அந்த மாதிரி? இல்ல, இல்ல. உங்களை ஏதாவது செஞ்சுக்கணும்னு? அதற்கு உடனே இல்லை என்று சொல்ல வாய் திறந்து, மூடி, ரெண்டு தரம், என்றாள், நான் இல்லன்னா அவளுக்கு நல்லதுன்னு தோணுச்சு, ஒண்ணும் செய்யல, தோணுச்சு. டாக்டர் அதை மட்டும் எழுதிக்கொண்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார், இது நோய், பிள்ளை பெத்தவங்கள்ல நிறையப் பேருக்கு வர்றதுதான், வெளிய சொல்றவங்க கம்மி, உங்களுக்குப் பிள்ளை மேல வெறுப்பு இல்ல, பயம், பயந்து பயந்து விலகுறதாலதான் அது திரும்பத் திரும்ப வருது. மாத்திரை தர்றேன், பால் குடுக்கலாம், வாராவாரம் வரணும். ஆனா ரெண்டு தரம் தோணுச்சுன்னு சொன்னீங்க பாருங்க, அதனால இப்போதைக்கு உங்களைத் தனியா விடக்கூடாது, வீட்ல ஒருத்தருக்குத் தெரியணும். செல்வி தலையாட்டினாள். நோய் என்ற சொல் எவ்வளவு சாதாரணமாக இருந்தது, இவளே ஆயிரம் தரம் சொல்லியிருக்கிற சொல், ஆனால் அது உள்ளே இறங்கி ஓரிடத்தில் முட்டி நின்றது. மேடம், நான் ஒருத்திய அனுப்பிட்டேன், என்றாள். உலகம்மாளைப் பற்றிச் சொன்னாள், நடிக்காத என்று சொன்னதைச் சொன்னாள், பூஜ்யத்தைச் சொன்னாள், தன் வியாதியைச் சொன்னபோது வராத அழுகை அப்போது வந்தது. டாக்டர் சீக்கிரம் சமாதானம் சொல்லிவிடவில்லை. கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார். அதுக்கு நான் மாத்திரை எழுத முடியாது சிஸ்டர், என்றார். பிறகு, எந்த ஊரு அந்தப் பொண்ணு, தெரியுமா, என்று கேட்டு ஒரு தாளின் ஓரத்தில் உலகம்மாள் என்று எழுதி ஊரையும் எழுதினார். விசாரிக்கச் சொல்றேன், நல்ல சேதியா வரும்னு சொல்ல முடியாது, என்ன வந்தாலும் உங்களுக்குச் சொல்லுவேன். சரி என்றாள் செல்வி.

இசக்கிராஜாவைக் கூப்பிட்டு வரச் சொன்னார்கள். அவன் பிள்ளையோடு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான், டாக்டரைப் பார்த்தான், இவளைப் பார்த்தான், அழுத முகத்தைப் பார்த்ததும் பிள்ளையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தான். அந்த இறுக்கத்தைச் செல்வி கவனித்தாள். நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா என்றார் டாக்டர். நானே சொல்லுதேன். அவன் முகத்தைப் பார்க்காமல், அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பத்தொன்பதாம் நாளிலிருந்து சொன்னாள். மணிக்கட்டு வலி பொய் என்று சொன்னாள். பிள்ளையை என்ன செய்கிற மாதிரி படம் வருகிறது என்பதை, டாக்டரிடம் சொன்ன அதே சொற்களில், ஒன்றையும் குறைக்காமல் சொன்னாள். ரெண்டு தரம் என்பதையும் சொன்னாள். அந்தச் செருப்பு அசையவே இல்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம், வெளியே யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம், பாப்பா வாய்க்குள் கையைப் போட்டுச் சப்புகிற சத்தம். அவன் எழுந்து போய்விடுவான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே அவன் அம்மாவிடம் போவான், போகட்டும், போவதுதான் நியாயம், நான் அவன் இடத்தில் இருந்தால் போவேன். ஏறக்குறைய இரண்டு மாதமாக இந்த ஒரு நிமிஷத்துக்குத்தானே பயந்தோம், இதோ வந்துவிட்டது. இத்தனை நாள் இதைத் தனியா வச்சுக்கிட்டா இருந்த, என்றான் அவன். குரல் உடைந்திருந்தது. டாக்டர் மாத்திரைச் சீட்டை நீட்டி, கீழே மூணாம் நம்பர் ஜன்னல்ல வாங்கிட்டு வாங்க, எப்படிப் போடணும்னு சொல்றேன், என்றார். அம்மாவ நாளைக்குப் போக வேண்டாம்னு சொல்லிருதேன், நானும் லீவு நீட்டிக்கிடுதேன், குளிப்பாட்டுறத நான் பாத்துக்கிடுதேன், என்றான் அவன். நீங்க மட்டும் இல்ல, ரெண்டு பேரும் சேர்ந்து என்றார் டாக்டர். சரி, ஆட்டும் என்றான். சீட்டை வாங்க ஒரு கை வேண்டியிருந்தது. எழுந்து, ஒரு எட்டு வைத்து, இந்தா, இவளைப் பிடி, என்று பாப்பாவை அவள் மடியில் கொண்டுவந்து வைத்தான், கழுத்துக்கு அடியில் அவள் கை சரியாகப் போகிறவரைக்கும் தாங்கிப் பிடித்துவிட்டுத் தன் கையை எடுத்துக்கொண்டான். எல்லாவற்றையும் கேட்ட பிறகு. அவள் கதவையே பார்த்தாள், கதவருகே போனதும் திரும்பிப் பார்ப்பான், பிள்ளை பத்திரமா என்று ஒரு பார்வை, பெற்றவன் அப்படிப் பார்க்காமல் இருப்பானா, பார்த்தால் தப்பில்லை. அவன் கதவைத் தள்ளிக்கொண்டு சீட்டைப் படித்தபடியே போனான். திரும்பிப் பார்க்கவில்லை.